நல்ல படம் எது? 30 செகண்ட் கிளிப் கட் பண்றவன் சொல்றேன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க. அட்மின் அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போடுறேன். இதுல வர்ற கருத்து என்னோடது. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க.

"கட்சி பேஜ்ல சினிமா எதுக்குடா?"ன்னு கேக்குறவங்களுக்கு முதல் பதில். நான் எழுதுறது ஆத்தூர்ல இருந்து. சேலம் ஆத்தூர் இல்ல, திண்டுக்கல் ஆத்தூர். செம்பட்டி பக்கத்துல, காமராஜர் அணை இருக்குற ஆத்தூர். எங்க திண்டுக்கல்லுக்கு சினிமாவையும் அரசியலையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. எம்.ஜி.ஆர். தனிக்கட்சி ஆரம்பிச்சது 1972 அக்டோபர். ஒரு வருஷம்கூட ஆகல, 1973 மே மாசம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். அதே மே மாசம் 11ஆம் தேதி 'உலகம் சுற்றும் வாலிபன்' ரிலீஸ். தேர்தல்ல மாயத்தேவர் ஜெயிச்சார். நீங்க எந்தக் கட்சியா இருந்தாலும் இந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். தியேட்டர்ல கூடின கூட்டம் பூத்துக்கும் வரும்னு தமிழ்நாட்டுக்கே காட்டின ஊர் இது.

அதனாலயே எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கிச்சு. படம் பார்த்துட்டு வந்தா முதல் கேள்வி, "இது யாருக்கு சாதகம்?" நம்ம கொள்கையைப் பேசினா நல்ல படம், பேசலன்னா டைம் வேஸ்ட், எதிரா பேசினா டிஸ்லைக். ஐடி விங்ல மூணு வருஷமா நான் பண்ற வேலையே இதுதான். படத்துல வர்ற ஆவேச வசனத்தை 30 செகண்டுக்கு கட் பண்ணி, மேல கொட்டை எழுத்துல ஒரு வரி, கீழ கொடி. வியூஸ் அள்ளும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சதுல எனக்கு உருப்படியா வந்த ஒரே தொழில் வீடியோ எடிட்டிங்தான்.

போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு வேலை வந்துச்சு. "தமிழின் தலைசிறந்த 10 அரசியல் படங்கள்"னு போஸ்டர் பண்ணணும், ஒன்றியத்துக்கு ஒரு லிஸ்ட் அனுப்புங்கன்னு கேட்டாங்க. பத்து நிமிஷத்துல அனுப்பிட்டேன். கோர்ட் சீன் இருக்குற படம், ஹீரோ மைக் பிடிக்கிற படம், கிளைமாக்ஸ்ல ஊரே கை தட்டுற படம். போஸ்டரும் அழகா வந்துச்சு.

அப்பா பக்கத்துல உக்காந்து சட்டைக்குப் பட்டன் தச்சுக்கிட்டு இருந்தார். என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துட்டு கேட்டார்: "எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்களேப்பா. வேலைக்குப் போறவன் ஒருத்தனும் இல்லையா?"

அவர் கிண்டலா கேக்கல. அப்பா கிண்டல் பண்ற ஆள் கிடையாது. எனக்குப் பதில் வரல. மறுபடியும் லிஸ்டைப் பார்த்தேன். பத்துப் படத்துல ஏழு படத்துல ஹீரோவுக்கு என்ன வேலை, எப்படிச் சாப்பிடுறான்னு எனக்கே ஞாபகம் இல்ல. வசனம் மட்டும் மனப்பாடமா இருந்துச்சு.

அந்த ராத்திரி 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை வீட்டு டிவியில போட்டேன். 2018 ஆகஸ்ட்ல வந்த படம். லெனின் பாரதி இயக்கம், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. விஜய் சேதுபதி தயாரிச்சார், ஆனா ஒரு சீன்ல கூட நடிக்கல. செம்பட்டியில பஸ் ஏறி வத்தலக்குண்டு, பெரியகுளம் தாண்டிப் போனா வர்ற தேனி மலையடிவாரம்தான் கதை நடக்குற இடம். ரங்கசாமின்னு ஒரு சுமை தூக்குறவர். விடியிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மலை ஏறுறார். ஏலக்காய் மூட்டையைச் சுமந்து கீழே இறக்குறார். அவருக்கு ஒரே ஆசை, சொந்தமா ஒரு துண்டு நிலம்.

கதை தெரிஞ்சா படம் கெடாது, அதனால சொல்றேன். நிலத்துக்காக நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை ஒருநாள் மலைச்சரிவுல உருண்டு சிதறிப்போகுது. அப்புறமும் விடாம எப்படியோ நிலம் வாங்குறார். விதையும் உரமும் கடன்ல வருது. கடன் ஏறுது, நிலம் கைவிட்டுப் போகுது. கடைசி ஷாட்ல அதே நிலத்துல காத்தாடி சுத்துது. கீழே ஒரு நாற்காலி. வாட்ச்மேன் யூனிஃபார்ம்ல ரங்கசாமி. கேமரா மேல போகப் போக சுத்தியும் காத்தாடி மட்டும்தான் தெரியுது. யாரும் எதுவும் பேசல.

எங்க வீட்லயும் யாரும் பேசல. நான் ஏன் பேசலன்னு சொல்லணும். எங்களுக்கு 80 சென்ட் நஞ்சை இருந்துச்சு. என் இன்ஜினியரிங் ஃபீஸுக்காக அப்பா அதை வித்தார். இப்ப அவர் ஒரு நூல் மில்லுல நைட் வாட்ச்மேன். அன்னைக்கு அவர் பட்டன் தச்சது அந்த யூனிஃபார்ம் சட்டைக்குத்தான். படத்தைப் போடும்போது எனக்கு இது உறைக்கவே இல்ல. கிளைமாக்ஸ் வரும்போது ரிமோட்டைத் தேடுறேன், கை நடுங்குது.

அப்பா எந்திரிச்சு தண்ணி குடிச்சார். அப்புறம் சொன்னார்: "அந்தச் சட்டை காலர் கழுத்தை அறுக்கும். புதுசா குடுக்குறப்போ ஒரு வாரத்துக்கு இருக்கும்."

அவ்வளவுதான். ஆனா நாலு வருஷமா அவர் அந்தச் சட்டையைப் போட்டுட்டுப் போறார். ராத்திரி அங்க என்ன பண்ணுவீங்க, தூக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க, நாய் இருக்கா, டீ யார் குடுப்பாங்கன்னு ஒரு கேள்விகூட நான் கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். நிலத்தைப் பத்தி மட்டும் பேசல. நானும் கேக்கல.

அடுத்த நாள் அந்தக் கடைசி ஷாட்டை 30 செகண்டுக்கு கட் பண்ணி என் ஸ்டேட்டஸ்ல போட்டேன். ஒரு நண்பன் ரிப்ளை பண்ணான்: "மச்சி, ஃபேன் சுத்துது. என்ன மேட்டர்?"

அவன் மேல தப்பு இல்ல. ரங்கசாமி கூட ரெண்டு மணி நேரம் மலை ஏறாதவனுக்கு அது வெறும் ஃபேன்தான். அங்கதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்ல வந்தேன்.

நாங்க இன்ஜினியரிங் பசங்க. ஒரு கம்பியைக்கூட லோடு போட்டு இழுத்துப் பார்த்துட்டுத்தான் நல்ல கம்பின்னு ஒத்துக்குவோம். படத்துக்கும் அப்படி மூணு டெஸ்ட் வச்சிருக்கேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

டெஸ்ட் 1: கிளிப்பா கட் பண்ணினா தாங்குதா?

30 செகண்ட் கிளிப்லயே படத்தோட மொத்த சத்தும் கிடைச்சிடுச்சுன்னா, மிச்சம் ரெண்டரை மணி நேரம் எதுக்கு? நல்ல படத்தோட சிறந்த இடத்தை வெட்டி எடுத்தா அது உசுர் போயிடும். முன்னாடி வந்த சீன் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு சீனுக்கு பலம் குடுக்குது.

'கூழாங்கல்' பாருங்க. மேலூர்ப் பக்கத்து ஆளான பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்த முதல் படம். 2021ல ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு. அந்த விருது ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் இந்தியா ஆஸ்கருக்கு அனுப்பினதும் இந்தப் படத்தைத்தான். மொத்தமே ஒண்ணேகால் மணி நேரம். குடிகார அப்பன் ஒருத்தன், கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர, பள்ளிக்கூடத்துல இருந்த பையனை இழுத்துக்கிட்டுக் கிளம்புறான். திரும்பி வரும்போது பொட்டல் காட்டுல கொளுத்துற வெயில்ல ரெண்டு பேரும் நடந்தே வர்றாங்க. தாகத்துக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில போட்டுக்குறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து ஓரமா வைக்கிறான். அங்க ஏற்கெனவே அதே மாதிரி கல்லுங்க குவிஞ்சு கிடக்கு.

இதை கிளிப்பா போட்டா "பையன் கல்லு வச்சு விளையாடுறான்"னு நினைப்பாங்க. முழுப் படம் பார்த்தவனுக்கு நெஞ்சு அடைக்கும். இந்த நடை இன்னைக்கு நடந்த நடை மட்டும் இல்ல, எத்தனையோ தடவை நடந்தாச்சுன்னு அந்தக் கல்லுக் குவியல் சொல்லிடுது. அப்பனைத் திருத்துற வசனமும் கிடையாது, மதுவிலக்கு பத்தின பிரசங்கமும் கிடையாது.

"அப்ப வசனம் இருக்குற படம் எல்லாம் மட்டமா?"ன்னு சீனியர் தோழர்கள் கேப்பாங்க. இல்லவே இல்ல. 'பராசக்தி'யை எடுத்துக்குங்க. 1952 தீபாவளிக்கு வந்த படம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம். கோர்ட் சீன் தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். நானே அதை நாலஞ்சு தடவை கட் பண்ணியிருக்கேன். இப்ப முழுசா உக்காந்து பார்த்தேன். ரங்கூன்ல இருந்து வர்ற குணசேகரன் தேடுற தங்கச்சி கல்யாணி நம்ம மதுரையிலதான் இருக்கா. புருஷன் போய், அப்பா போய், கைக்குழந்தையோட இட்லிக்கடை போடுறா. அண்ணனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே அண்ணன்னு தெரியாம இருக்கா. ஒவ்வொரு வாசலா விரட்டப்பட்டு, கடைசியில பெத்த பிள்ளையையே ஆத்துல போடுற நிலைமைக்கு வர்றா. இதை எல்லாம் நம்மள ஒண்ணொண்ணா பார்க்க வச்ச பிறகுதான் குணசேகரன் கோர்ட்ல வாயைத் திறக்குறான். அந்த வசனத்துக்குப் பின்னாடி அந்த இட்லிக்கடை நிக்குது. எழுபது வருஷமா அது சாகாம இருக்குறதுக்கு அடுக்குமொழி மட்டும் காரணம் இல்ல. அதைப் பார்த்துட்டு வந்த நாமதான் அடுக்குமொழியை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். இட்லிக்கடையை மறந்துட்டோம்.

டெஸ்ட் 2: வேலை தெரிஞ்சு எடுத்திருக்காங்களா?

அப்பா கேட்ட கேள்வி இது. படத்துல வர்ற ஆளு என்ன வேலை பார்க்குறான், அதுல கை எங்க வலிக்கும், காசு எப்ப வரும், யாரு ஏமாத்துவான்னு எடுத்தவருக்குத் தெரியுமா?

பாலுமகேந்திராவோட 'வீடு', 1988. சென்னையில ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பொண்ணு, தாத்தாவையும் தங்கச்சியையும் வச்சுக்கிட்டு சொந்தமா ஒரு சின்ன வீடு கட்டணும்னு நினைக்கிறா. அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஆனா கடனுக்கு அலையிறது, பிளான் அப்ரூவலுக்குக் கையெழுத்து வாங்குறது, சிமெண்ட் மூட்டையை கான்ட்ராக்டர் திருடி விக்கிறது, அதைச் சித்தாள் பொம்பளை ஒருத்தி தைரியமா கேக்குறது எல்லாம் அப்படியே இருக்கு. அர்ச்சனாவுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைச்சது. கட்டி முடியாத வீட்டை சொக்கலிங்க பாகவதர் தடவித் தடவிப் பார்ப்பார் பாருங்க, வீடு கட்டின யாரும் அந்த இடத்துல அழாம இருக்க முடியாது. எங்க சித்தப்பா கொத்தனார். "சிமெண்டு கணக்கு கரெக்டா சொல்லியிருக்கான்யா"ன்னு பாராட்டினார். தேசிய விருதைவிட எனக்கு அந்த சர்டிஃபிகேட் பெருசு.

அடுத்து 'கடைசி விவசாயி', 2022 பிப்ரவரி. எடுத்தவர் மணிகண்டன், 'காக்கா முட்டை' இயக்குநர், உசிலம்பட்டிக்காரர். படத்துல மாயாண்டியா வர்ற நல்லாண்டி ஐயா நடிகரே கிடையாது, நிஜ விவசாயி. ரிலீஸுக்கு முன்னாடியே இறந்துட்டார். 69ஆவது தேசிய விருதுகள்ல இதுதான் சிறந்த தமிழ்ப் படம், நல்லாண்டி ஐயாவுக்கு சிறப்புக் குறிப்பு. அவர் மண்வெட்டியைப் பிடிக்கிறதைப் பாருங்க. மடை திறந்து விடுறதைப் பாருங்க. நடிப்புப் பயிற்சியில அது வராது. எண்பது வயசு வரைக்கும் தினமும் செஞ்சாத்தான் வரும். விதைக்கடையில போய் அவர் கேள்வி கேக்குற சீனை என் அப்பத்தா ரெண்டு தடவை பார்த்துச்சு. "நான் கேக்க நினைச்சதை அவன் கேக்குறான்"னு சொல்லுச்சு.

நடிக்காத ஆளை நடிக்க வைக்கிறது நம்ம ஊர்ல மட்டும் நடந்த கதை இல்ல. 1948ல இத்தாலியில டி சிகா 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்தப்போ ஹீரோவா போட்டது ஒரு ஃபேக்டரித் தொழிலாளியை. சைக்கிள் இருந்தாத்தான் வேலை; அந்த சைக்கிள் திருடு போயிடுது; அப்பனும் பையனும் ரோம் நகரம் முழுக்க நடந்து தேடுறாங்க. 1950ல லண்டன்ல விளம்பரக் கம்பெனி வேலையா போயிருந்த சத்யஜித் ரே இந்தப் படத்தைப் பார்த்தார். இப்படித்தான் எடுக்கணும்னு முடிவு பண்ணி, 1955ல 'பதேர் பாஞ்சாலி'யைக் கொண்டு வந்தார். 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்துட்டு 'கூழாங்கல்' பாருங்க. ரோம் தெருவுல நடக்குற அப்பன் பிள்ளையும் மேலூர் பொட்டல்ல நடக்குற அப்பன் பிள்ளையும் சொந்தக்காரங்க மாதிரி இருப்பாங்க.

டெஸ்ட் 3: எதிர்ல நிக்கிறவனும் மனுஷனா தெரியுறானா?

இது எனக்கே கசக்குற டெஸ்ட். ஏன்னா என் வேலையே எதிர்ல நிக்கிறவனை மீம் ஆக்குறது.

'பரியேறும் பெருமாள்' 2018ல வந்தப்போ நாம எல்லாரும் கொண்டாடினோம். அந்தப் படத்துல ஜோவோட அப்பாவை மாரி செல்வராஜ் ஒரு ராட்சசனா காட்டியிருந்தா நமக்கு வசதியா இருந்திருக்கும். திட்டிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனா அவர் நம்ம பக்கத்து வீட்டு சித்தப்பா மாதிரி இருக்கார். மகள் மேல பாசம், சொந்தக்காரங்க மேல பயம், உள்ளுக்குள்ள சாதி. கடைசியில மேசை மேல ரெண்டு டீ கிளாஸ், நடுவுல ஒரு பூ. படம் தீர்ப்பு சொல்லாம நிறுத்திடுது. வில்லனா காட்டியிருந்தா நம்ம வீட்டு ஆளுங்களை நாம தேடியிருக்க மாட்டோம். மனுஷனா காட்டினதாலதான் "இவர் எங்க மாமா மாதிரி இருக்காரே"ன்னு முதுகுல சில்லுன்னு இருந்துச்சு.

வெற்றிமாறனோட 'விசாரணை'யும் அப்படித்தான். கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார் எழுதின 'லாக்கப்' நாவல்ல இருந்து வந்த படம். அதுல சமுத்திரக்கனி ஒரு போலீஸ் அதிகாரி. தப்புன்னு தெரிஞ்சும் அந்த மெஷினுக்குள்ள மாட்டிக்கிட்டவர். அந்தப் பாத்திரம் இல்லன்னா அது "போலீஸ் கெட்டவங்க"ன்னு சொல்ற படமா மட்டும் நின்னிருக்கும். 'கடைசி விவசாயி'யில மயிலைக் கொன்னதா பொய் வழக்குல மாயாண்டியை உள்ள வைக்கிறாங்க. அவர் வயல்ல பயிர் காயுதுன்னு தெரிஞ்சு, போலீஸே போய் தண்ணி பாய்ச்சணும்னு மாஜிஸ்ட்ரேட் அம்மா சொல்றாங்க. யூனிஃபார்ம்காரர் வயல்ல நிக்கிறதைப் பார்த்து சிரிப்பும் வருது. கொஞ்ச நேரத்துல அந்தப் போலீஸ்காரர் மேலயும் ஒரு பாவம் வருது.

இங்க ஒண்ணு ஒத்துக்கணும். போன வருஷம் எங்க ஏரியா மாற்றுக்கட்சிக்காரர் ஒருத்தர் மேடையில ஒரு வார்த்தையை உளறிட்டார். நான் அதை லூப்ல போட்டு, தவில் சத்தம் வச்சு ஒரு மீம் பண்ணேன். செம ஹிட். அவர் பொண்ணு என் தங்கச்சி கூட பிளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்ச். திருவிழாவுல தங்கச்சி போய் கையைப் பிடிச்சா, அந்தப் பொண்ணு கையை உருவிட்டுப் போயிட்டா. தங்கச்சி என்கிட்ட ஒண்ணும் கேக்கல, வீட்டுக்கு வந்து படுத்துட்டா. நான் அந்த மீமை எடுத்துட்டேன். அவர் கட்சி மேல இருக்குற விமர்சனத்தை எடுக்கல. அது வேற, இது வேற. இந்த வித்தியாசத்தை எனக்குக் கட்சி வகுப்புல யாரும் சொல்லித் தரல. ஜோவோட அப்பா சொல்லிக் குடுத்தார்.

இனி உங்க சந்தேகங்களுக்கு வர்றேன்.

"எல்லாம் அவார்டு படமா சொல்றியே, ஸ்லோவா இருக்குமே?" ஆமா, சிலது மெதுவாத்தான் போகும். மூட்டை சுமந்துக்கிட்டு மலை ஏறுறவனை ஃபாஸ்ட் கட்ல காட்டினா மூட்டையோட கனம் எப்படித் தெரியும்? முதல் இருபது நிமிஷம் போனை வேற ரூம்ல வச்சிட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் பிடிக்கலன்னா நிறுத்திடுங்க, தப்பே இல்ல. விருது வாங்கினதுக்காக ஒரு படத்தைப் பிடிக்கணும்னு கட்டாயம் கிடையாது. மூணு டெஸ்ட்லயும் ஃபெயில் ஆகுற அவார்டு படமும் இருக்கு.

"அப்ப ஸ்டார் படம் பார்க்கக் கூடாதா?" அண்ணே, நானே முதல் நாள் முதல் ஷோ போய் தொண்டை கட்டிட்டு வர்றவன். ஸ்டார் படமும் டெஸ்ட் பாஸ் ஆகும். 1978ல வந்த 'முள்ளும் மலரும்' ரஜினி படம்தானே? மகேந்திரன் இயக்கினது, உமாசந்திரன் நாவல், பாலுமகேந்திரா கேமரா. காளி ஒரு வின்ச் ஆபரேட்டர், அவன் வேலை கண்ணுக்குத் தெரியுது. அவனுக்குப் பிடிக்காத இன்ஜினியர் சரத்பாபு கெட்டவன் இல்ல, நியாயமான ஆளு. கடைசியில தங்கச்சியை அவனுக்கே கட்டிக் குடுக்கும்போதுகூட காளிக்கு அவனைப் பிடிக்கல, அதை முகத்துக்கு நேரா சொல்லிடுறான். திடீர்னு திருந்துற வேலை எல்லாம் கிடையாது. மூணு டெஸ்ட்டும் பாஸ். 2024ல வந்த 'லப்பர் பந்து' ஜாலியான கிரிக்கெட் படம். அதுல சாதி இருக்கு, மாமனார் மருமகன் வீம்பு இருக்கு, ஆனா வெறுக்குற அளவுக்கு யாரும் இல்ல. விசில் அடிச்சுக்கிட்டே பார்க்கலாம்.

"இதுல கொள்கை எங்க இருக்கு?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நான் சொன்ன படங்கள்ல நிலம் இருக்கு, கூலி இருக்கு, தண்ணி இருக்கு, சாதி இருக்கு, போலீஸ் ஸ்டேஷன் இருக்கு, வீட்டுக்கடன் இருக்கு. நாம மேடையில பேசுறது இதையெல்லாம்தான். என்ன, அந்தப் படங்கள் நமக்காகப் பேசல. அந்த மனுஷங்களுக்காகப் பேசுது. ஒரு படம் நம்ம பக்கம் நிக்கிதான்னு பார்க்குறதை விட, அந்தப் படத்துல வர்ற ஆளு பக்கம் நாம நிக்கிறோமான்னு பார்க்குறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில சங்கம், கொடி, போராட்டம் எல்லாம் வருது. அதுலயும் நல்ல தலைவனும் இருக்கான், சமரசம் பண்றவனும் இருக்கான். எந்தக் கட்சிக்காரர் பார்த்தாலும் ஒரு இடத்துலயாவது நெளிவார். நானும் நெளிஞ்சேன்.

தியேட்டர் கூட்டம் பூத்துக்கு வரும்னு 1973ல நம்ம ஊர் காட்டுச்சுன்னு ஆரம்பத்துல சொன்னேன். அதுல எனக்கு வெக்கமோ வருத்தமோ இல்ல. ஆனா அதையே அளவுகோலா வச்சா, கூட்டம் சேர்க்குற படம் மட்டும்தான் நல்ல படம்னு ஆயிடும். ரங்கசாமிக்குக் கூட்டம் சேரல. அவரைப் பார்த்தது எங்க வீட்ல நாலே பேர். அந்த நாலு பேர்ல ஒருத்தர் நாலு வருஷமா சொல்லாததைச் சொன்னார்.

சரி, எந்த வரிசையில பார்க்கலாம்? என் யோசனை இது.

முதல்ல 'கடைசி விவசாயி'. வீட்ல பெரியவங்களோட பாருங்க, சிரிப்பும் இருக்கு. அடுத்து 'முள்ளும் மலரும்', எல்லாருக்கும் பிடிக்கும். மூணாவது 'வீடு', வீட்டுக்கடன் கட்டுறவங்க கட்டாயம் பாருங்க. நாலாவது 'பரியேறும் பெருமாள்', காலேஜ் படிக்கிற தம்பி தங்கச்சிகளோட பார்த்துட்டுப் பேசுங்க. அஞ்சாவது 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஆறாவது 'கூழாங்கல்'. இதைக் கடைசியில வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. மத்த அஞ்சும் பார்த்து கண்ணு பழகினவங்களுக்கு இது ஒண்ணேகால் மணி நேரத்துல எல்லாத்தையும் குடுத்துடும். 'விசாரணை' மனசு திடமா இருக்குறவங்களுக்கு மட்டும், சின்னப் பிள்ளைங்களோட வேண்டாம். 'பராசக்தி' எப்ப வேணா பார்க்கலாம், ஆனா கோர்ட் சீனுக்கு ஓட்டாதீங்க. இட்லிக்கடையில இருந்து பாருங்க.

'கடைசி விவசாயி', 'கூழாங்கல்' ரெண்டும் சோனி லிவ்ல வந்த படங்கள். டெலிகிராம் லிங்க் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, தர மாட்டேன். சின்னப் படம் எடுக்குறவங்களுக்கு நாம குடுக்குற ஒரே கூலி நேர்வழியில பார்க்குறதுதான். கூலியைப் பத்தி மேடையில பேசுற நாமளே அதுல கை வைக்கக் கூடாது.

போஸ்டர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பழைய லிஸ்ட் ஏற்கெனவே பிரிண்டுக்குப் போயிடுச்சு, மாத்த முடியல. அதான் இந்தப் பதிவு.

கடைசியா ஒரு வேண்டுகோள். கமெண்ட்ல "என் ஃபேவரைட் படம்"னு போட வேண்டாம், அது ஃபேன்ஸ் சண்டையில முடியும். உங்க அப்பா, அம்மா, இல்ல நீங்க பார்க்குற வேலையை ஒழுங்கா காட்டின படம் எதுன்னு சொல்லுங்க. சின்னாளபட்டி தறிக்காரங்க, நிலக்கோட்டை பூ பறிக்கிறவங்க, மில்லுக்குப் போற அக்காமார், லோடுமேன், தூய்மைப் பணியாளர், நர்ஸ், எல்லாரும் சொல்லுங்க. "எங்க வேலையை எந்தப் படத்துலயும் பார்க்கலயே"ன்னா அதையும் எழுதுங்க. அந்த லிஸ்டைத்தான் அடுத்த போஸ்டரா போடலாம்னு அட்மின் அண்ணன்கிட்ட பேசி வச்சிருக்கேன்.

மாற்றுக்கட்சி நண்பர்களும் தாராளமா கமெண்ட் பண்ணலாம். மீம் போட மாட்டேன்.

அப்பாவுக்கு இன்னைக்கு நைட் ட்யூட்டி. போன வாரம் அந்தக் காலரை நல்ல தையல்காரர்கிட்ட குடுத்து மடிச்சுத் தச்சு வாங்கிட்டேன். இப்ப அறுக்கலையாம்.



தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்
ஆத்தூர் ஒன்றியம், திண்டுக்கல் மாவட்டம்

#நல்லபடம் #முழுசாபாருங்க #ஆத்தூர்